அண்ணி வெட்டிய கதவு

மாஸ்டரம்மாவுக்குத் தன் கையின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அந்தக் கர்வத்தை வைக்கவே தனியாக ஓர் அலமாரி வேண்டும்.

ஆயத்த ஆடை கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மேஜை நீளத்துக்குத் துணியை விரித்து, அதன் மேல் விரித்து, ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, மேலே சாக்பீஸால் கோடு போட்டு மின்சாரக் கத்தியை ஓட்டினார் என்றால், ஒரு பள்ளிக்கூடத்துக்கே தேவையான சட்டை ஒரே ஓட்டத்தில் துண்டு துண்டாக விழும். கோட்டை விட்டு நூலளவு விலகியிருக்கிறது என்று ஒரு தையல்காரரும் அவர் முன்னால் வந்து நின்றதில்லை. வேலையை விட்ட பிறகும் பட்டம் போகவில்லை. தெருவில் மாஸ்டரம்மா, பால் கடையில் மாஸ்டரம்மா, வீட்டில் கணவர் வாயில் வெறும் மாஸ்டர்.

வேலையை விட்டவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இயந்திரங்கள் விற்கும் கடை ஒன்றில் ஸ்க்ரோல் சா மெஷினைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. தையல் மெஷின் மாதிரியே ஒரு கை வளைந்து முன்னால் நீண்டிருக்கிறது. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் மாதிரி மெல்லிய ஒரு ரம்பம், மேலும் கீழும் துள்ளுகிறது. ரம்பம் நின்ற இடத்திலேயே நிற்கும். பலகையைத்தான் நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். துணியைத் திருப்பிக் கொடுத்தே காலம் தள்ளியவருக்கு இது புது வேலையாகவே தெரியவில்லை. மெஷின் வீட்டுக்கு வந்தது. பின்கட்டு அறை பட்டறையானது.

முதலில் சாவி மாட்டும் பலகை. அப்புறம் சூடான பாத்திரம் இறக்கி வைக்க வட்டத் தட்டு. அப்புறம் புத்தகத் தாங்கி, கரண்டி மாட்டி, கடிகாரத்தைச் சுற்றி இலையும் கொடியுமாக ஒரு சட்டம், பிள்ளைகள் பிரித்துச் சேர்க்க ஒரு மர யானை. வீட்டில் ஒரு பலகை சும்மா இருக்க முடியாது என்று ஆனது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் கணவர், வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்.

"இந்த வீட்டுல ஓட்டை விழாத பலகை வாசக் கதவு ஒண்ணுதான். அதுலயும் கை வச்சிடுவாளோன்னு நான்தான் சாஞ்சு நின்னு காவல் காக்கறேன்."

ஊரெல்லாம் மெச்சியது. மெச்சாத ஒரே ஆள் பாப்பா.

பாப்பா மாஸ்டரம்மாவின் நாத்தனார். பாப்பாவின் பிள்ளைகளே கல்லூரிக்குப் போய்விட்டார்கள்; ஆனாலும் அண்ணனுக்குத் தங்கை என்றைக்கும் பாப்பாதான். வீட்டு முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டு அழகு நிலையம் தொடங்கி, முன்னுக்கு வந்தவள். கெட்டிக்காரி. ஆனால் அண்ணி எதைச் செய்தாலும் "நல்லா இருக்கு" என்ற ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராது. சொன்னால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். அண்ணி தைத்துக் கொடுத்த துணியை நைந்து போகும் வரை போட்டுக்கொள்வாள். போட்டிருப்பது யார் தைத்தது என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. மாஸ்டரம்மா மருமகளாக வீட்டுக்குள் கால் வைத்த அன்றைக்கே, வந்திருந்த சொந்தக்காரர்கள் "பொண்ணு நல்ல நெறம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பாப்பாவை ஒரு பார்வை பார்த்தார்கள். பாப்பா கறுப்பு. சின்ன வயதில் "கருப்பி" என்று கூப்பிட்டவர்கள், வளர்ந்ததும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டு அப்படிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சில் மாஸ்டரம்மாவுக்கு ஒரு பங்கும் இல்லை. ஆனால் பழி என்னவோ அவர் தலையில்தான் விழுந்தது. இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை. சிரித்துப் பேசியதும் குறைவு.

அப்படிப்பட்ட பாப்பா ஒரு நாள் பட்டறை அறை வாசலில் வந்து நின்றாள். கையில் மாஸ்டரம்மா எப்போதோ வெட்டிக் கொடுத்த மரச் சீப்பு இருந்தது.

"அண்ணி, இதே மாதிரி இன்னும் நாலு வேணும். கடைக்கு வர்றவங்க எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க."

"ஏன், சீப்பு நல்லா இருக்காமா?" என்று மாஸ்டரம்மா வாயைக் கிளறிப் பார்த்தார்.

"முடி சிக்காம வருது," என்றாள் பாப்பா. அவ்வளவுதான். ஆனால் அவள் போகவில்லை. "கடைத்தெருவுல புது இடம் எடுத்திருக்கேன்ல, அதுக்கு வாசல்ல அரைக் கதவு வைக்கறாங்க. ரெண்டு பக்கமும் தள்ளித் திறக்கற மாதிரி. சட்டம் மட்டும் கார்பெண்டர் அடிச்சிட்டாரு. நடுவுல வைக்க ரெண்டு பலகை வேணும். ரெண்டு பொண்ணுங்க மூஞ்சி, ஒண்ணை ஒண்ணு பாத்த மாதிரி, கூந்தல் பறக்கற மாதிரி. எங்க வீட்டுக்காரர் லேசர்ல வெட்டிக்கலாங்கறாரு. நான்தான் அண்ணிகிட்ட கேக்கறேன்னு சொன்னேன்."

மாஸ்டரம்மாவுக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. வெளியில் ரொம்ப யோசிப்பவர்போல மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு, "பாக்கறேன்" என்றார். பாப்பா தெருமுனை திரும்பியதும் பென்சிலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் அன்று முதல் இதே பேச்சு. இந்த ஒரு வேலையில் பாப்பா வாயைத் திறந்து நல்லா இருக்கு என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் தான் கட்டிங் மாஸ்டர் இல்லை என்று கணவரிடம் சபதமே போட்டுவிட்டார்.

பலகையைக் கார்பெண்டர் கொடுத்திருந்தார். ஏதோ பெரிய ஹோட்டல் வேலையில் மிஞ்சிய கடைசித் துண்டுகள் இரண்டு. முன்பக்கம் ரோஸ்வுட் ஒட்டிய பலகை. கறுப்பும் சிவப்பும் கலந்து, வரி வரியாக, பார்த்தாலே தொடத் தோன்றும். பின்பக்கம் வெளிறிய சாதா மரம். தெருப் பக்கம் ரோஸ்வுட் தெரியட்டும், கடைக்கு உள்பக்கம் சுவருக்கேற்ற பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது.

முகத்துக்கு மாஸ்டரம்மா எங்கேயும் போகவில்லை. பாப்பா ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போனில் யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து விளக்கில் அவள் நிழல் சுவரில் விழுந்திருந்தது. நெற்றி, நேராக இறங்கும் மூக்கு, கொஞ்சம் முன்னால் வந்த பிடிவாதமான மோவாய். மாஸ்டரம்மா தட்டு எடுப்பவர்போல எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் பின்தாளில் கோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு வேலை. இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு, மேலே படத்தை ஒட்டினார். அடுக்கி வெட்டினால் இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல வரும். கம்பெனியில் கற்ற வித்தை. கூந்தலின் ஒவ்வோர் இழைக்கும் நடுவே ஓர் ஓட்டை போட வேண்டும். ரம்பத்தை ஒரு முனையில் கழற்றி, அந்த ஓட்டைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, இழுத்துப் பிடித்து, வெட்டி, மறுபடி கழற்றி அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டும். இழை மெலிந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவார். கணவர் கதவருகே வந்து தும்மினால்கூட மெஷினை நிறுத்திவிட்டு முறைப்பார். ஓர் இழைகூட ஒடியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வெட்டு அவரே அதற்கு முன் வெட்டியதில்லை.

திறப்புக்கு முந்தின நாள் மதியம், மெல்லிய கத்தியை நடுவில் விட்டு இரண்டு பலகையையும் பிரித்தார். மரத்தூளை ஊதினார். ரோஸ்வுட் பக்கம் மேலே தெரிய இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு பெண்களும் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டரம்மா இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் இடது பக்கம்தான். ஒருத்தியின் கூந்தல் இன்னொருத்தியின் மூக்கில் போய் இடித்தது. பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பவர்கள் மாதிரி ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டைக்கு இடது முன்பக்கம் ஒன்று, வலது முன்பக்கம் ஒன்று வேண்டும். அதற்குத் துணியை முகத்தோடு முகம், அதாவது நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம், வைத்து அடுக்க வேண்டும். எல்லாத் துணியையும் முகம் மேலே பார்க்க அடுக்கினால் அத்தனையும் இடது பக்கச் சட்டையாகவே வரும். கம்பெனியில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் "முகத்தோட முகம்! முகத்தோட முகம்!" என்று தொண்டை வறளக் கத்தியவர் அவரே. ரம்பம் வெளியே வரும் அடிப்பக்கம் நார் நாராகச் சிலும்பு எழும்பும், ரோஸ்வுட்டில் சிலும்பு விழக்கூடாது என்று அந்த ஒன்றிலேயே குறியாக இருந்து, இரண்டு நல்ல முகத்தையும் மேலே பார்க்க அடுக்கிவிட்டார். முகத்தோடு முகம் வைத்திருந்தால் இரண்டு நல்ல பக்கமும் நடுவில் பத்திரமாக இருந்திருக்கும். சிலும்பும் விழுந்திருக்காது, இந்தக் கூத்தும் நடந்திருக்காது.

சாப்பிட வந்த கணவர் பலகையைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், ஒருத்தி கோவிச்சுக்கிட்டுப் போறா, இன்னொருத்தி சமாதானம் பண்ணப் பின்னாடியே போறா. நம்ம வீட்டுக் கதையா?"

"வாயை மூடறீங்களா?"

அந்தக் குரலைக் கேட்டு அவர் மூடிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "வேற பலகை வாங்கி வெட்டிடேன்" என்றார்.

"இது கடைசித் துண்டு. கடையில சொல்லி வச்சா அடுத்த வாரம்தான் வரும். நாளைக்குக் காலையில கடை திறக்கறா."

அந்த நேரம் பார்த்துத்தான் பாப்பாவின் வீட்டுக்காரர் போன் செய்ய வேண்டுமா? நல்ல மனுஷன், எதையும் சுருக்கமாக முடிக்கத் துடிப்பவர்.

"அக்கா, முடிஞ்சிடுச்சா? முடியலைன்னா சங்கடப்படாம சொல்லுங்க. லேசர்காரன் இன்னைக்கு சாயங்காலமே வெட்டித் தர்றேங்கறான். நீங்க எதுக்கு இந்த வயசுல சிரமப்படறீங்க?"

சிரமம் என்பதுகூடப் பரவாயில்லை. இந்த வயசுல என்றாரே, அது சுரீர் என்றது.

"முடிஞ்சிடுச்சு தம்பி. காலையில கொண்டு வர்றேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஒரு பலகையைப் புரட்டிப் போட்டார். இப்போது அவள் வலது பக்கம் பார்த்தாள். இருவரும் நேருக்கு நேர். மூக்கோடு மூக்கு, கூந்தல் இரண்டும் வெளியே பறந்தன. ஆனால் ஒருத்தி கறுப்பு, இன்னொருத்தி வெளிறிய மரம். சிலும்பு எழும்பி, தச்சரின் பென்சில் கோடு கிடந்து, பார்க்கப் பாவமாக இருந்தாள்.

மாஸ்டரம்மா உப்புத்தாளை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும்போல இருந்தது. தேய்த்தார். சிலும்பு போயிற்று, கோடு போயிற்று. கூந்தல் இழைகளுக்கு நடுவே உப்புத்தாளைக் கீற்றாகக் கிழித்து நுழைத்து இழுத்தார். சாதா மரம் என்று யாரும் ஏறிட்டுப் பார்க்காத அந்தப் பக்கத்திலும் வரிகள் இருந்தன, நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் மெல்லிசாக ஓடின. துணியில் எண்ணெய் நனைத்துத் துடைத்ததும் அந்த முகம் வெளிச்சம் பட்டது மாதிரி எழுந்து வந்தது. மற்றதையும் புரட்டி அதன் பின்பக்கத்தையும் அப்படியே தேய்த்து எண்ணெய் போட்டார். இப்போது எந்தப் பலகையை எந்தப் பக்கம் திருப்பினாலும் குறை சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தாலும் ஒரு கறுப்பு, ஒரு வெளுப்பு. உள்ளிருந்து பார்த்தாலும் அதேபோல.

கணவர் தள்ளி நின்று பார்த்தார். "அட! இதுதான் டிசைன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல," என்றார் மாஸ்டரம்மா. "செஞ்ச வேலைக்குத்தான் நான் பேர் வாங்குவேன். செய்யாததுக்கு வாங்கற பேர் எனக்கு எதுக்கு?"

மறுநாள் காலை கார்பெண்டர் இரண்டு பலகையையும் சட்டத்துக்குள் இறக்கி, சுற்றிலும் மரப்பட்டி அடித்து, கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். புது பெயிண்ட் வாசனை, புதுக் கண்ணாடிகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள். பாப்பா வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். அவள் பேசுவதற்கு முன்னால் மாஸ்டரம்மா பேசிவிட்டார்.

"தப்பா வெட்டிட்டேம்மா. முகத்தோட முகம் வச்சு அடுக்கணும், மறந்துட்டேன். அதான் ஒண்ணைப் புரட்டி வச்சிருக்கேன். உனக்குப் பிடிக்கலைன்னா கழட்டிக்கலாம். அடுத்த வாரம் புதுப் பலகையில வெட்டித் தர்றேன்."

பாப்பாவின் வீட்டுக்காரர் போனை எடுத்தார். "அதனாலென்னக்கா, நான் லேசர்காரனுக்கு..."

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் பாப்பா.

வெளியே நின்று பார்த்தாள். கதவைத் தள்ளி உள்ளே போய்ப் பார்த்தாள். மறுபடி வெளியே வந்தாள். விரலை எடுத்து அந்தக் கறுப்பு முகத்தின் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக மோவாய் வரைக்கும் இறக்கினாள்.

"இது என் மூக்கு."

"ஆமா."

"எப்ப பாத்தீங்க?"

"நீ எங்க வீட்டுல உக்காந்து போன்ல சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப. நிழலைப் பாத்து வரைஞ்சேன்."

பாப்பா கதவிலிருந்து விரலை எடுத்தாள். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, கழற்று என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நாற்காலிகளின் உறையைப் பிரிக்க ஆரம்பித்தாள். மாஸ்டரம்மா ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தோற்றுப்போனதுபோலத்தான் இருந்தது. பக்கத்தில் கணவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அதைவிட மோசமாக இருந்தது.

முதல் வாடிக்கையாளர் எதிர்க் கட்டடத்து வங்கியின் மேனேஜரம்மா. கதவுக்கு முன்னால் நின்று கைதட்டிச் சிரித்தார்.

"பிரமாதமான ஐடியா! இந்தக் கறுப்புப் பொண்ணு கடைக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்த வெள்ளைப் பொண்ணு வந்துட்டுப் போன பின்னாடி. சரியா சொல்றேனா?"

மாஸ்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு பொருள் வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. வெளுக்கும் கிரீம் எதையும் தன் கடைக்குள் விடாதவள் பாப்பா. அதை விற்க வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியவள். அவள் கடை வாசலிலேயே, அவள் மூக்கை வைத்தே, அண்ணி இப்படி ஒரு விளம்பரம் வெட்டி மாட்டிவிட்டாள்! எழுந்து ஓடிப்போய்க் கதவைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

பாப்பா முகத்தில் கோபம் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க மேடம். வந்தீங்களா? இப்பத் திரும்பிக் கதவைப் பாருங்க. வெள்ளையா இருந்தாளே, அவ எங்க?"

மேனேஜரம்மா திரும்பினார். "இதோ இவதானே... அட, கறுப்பா இருக்கா!"

"கறுப்பா இருந்தவ?"

"அவ வெளுத்துட்டா! இதென்ன மாயம்?"

"மாயம் ஒண்ணும் இல்ல. ஆளே மாறல மேடம். நீங்க நிக்கற இடம்தான் மாறிச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே மோவாய். ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஒரே வெட்டா வெட்டினது. என் கடையில வெளுக்கற வேலை கிடையாது. இருக்கற மூஞ்சிய எடுப்பா காட்டற வேலைதான். இன்னொண்ணும் சொல்றேன். இந்தப் பலகையில ஒசத்தியான பக்கம் எது தெரியுமா? கறுப்புதான்."

மேனேஜரம்மா கதவை ஒரு முறை தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். கூந்தல் இழைகளுக்கு நடுவே தெரு வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்து ஆடியது.

"எவ்வளவு மெல்லிசா வெட்டியிருக்கு! கம்ப்யூட்டர்ல வெட்டினதா?"

"கம்ப்யூட்டரா?" பாப்பாவின் குரல் தெருமுனை வரைக்கும் எழும்பியது. "எங்கண்ணி வெட்டினது மேடம். எங்கண்ணி! கையால. ஒரு இழை ஒடியல, நீங்களே தடவிப் பாருங்க. காலையில வந்து தப்பா வெட்டிட்டேன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு சொல்றாங்க. தப்பா வெட்டினதே இப்படின்னா, இவங்க சரியா வெட்டினா ஊர் தாங்குமா?"

நாத்தனார் தன்னை இன்னொருவரிடம் எங்கண்ணி என்று சொல்லி மாஸ்டரம்மா கேட்டதே இல்லை. அதுவும் இரண்டு முறை, அதுவும் அந்தக் குரலில். காது குளிர்ந்தது. பக்கத்தில் கணவர் முழங்கையால் இடித்தார்.

மேனேஜரம்மா கடையைச் சுற்றிப் பார்த்தார். "யாரு உங்கண்ணி?"

மாஸ்டரம்மா பெஞ்சை விட்டு எழுந்தார். தோள் நிமிர்ந்தது.

"நான்தான் வெட்டினேன்," என்றார், கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி.